டின் விசில் கைக்கு வந்துவிட்டது, அடுத்து என்ன எடுக்கலாம்?

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு பித்தளைக் குழாயைக் கொண்டுவந்தாள். ஆறு துளை, பச்சை பிளாஸ்டிக் வாய், விலை பத்துப் பன்னிரண்டு யூரோ. நாங்கள் இருப்பது மேற்கு அயர்லாந்தில், கிளேர் கவுண்டியின் எனிஸ் ஊரில். இங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் கையில் டின் விசில் இருக்கும். வீட்டுப்பாடத்துக்கு உதவலாமே என்று நானும் ஊதிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. ஆஸ்பத்திரி லேபில் இரவுப் பணி முடிந்து வந்து, தூக்கம் பிடிக்காத பகல்களில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவேன். "பூனை வால மிதிச்சிட்டியளோன்னு ஓடியாந்தேன்" என்பாள் வீட்டுக்காரி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம்.

இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கூடினால் யாராவது ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, பையன் ரெண்டு வருஷமா விசில் வாசிக்கிறான், அடுத்து என்ன வாங்கிக் குடுக்கலாம்?" என்று கேட்பார். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற பதிலில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தப்பான கருவியை வாங்கிக் காசு விட்டவன் என்ற தகுதியும் எனக்கு இருக்கிறது.

விசில் வாசிக்கிறவர்களில் விசிலோடு மட்டும் நிற்பவர்கள் குறைவு. தி சீஃப்டன்ஸ் என்ற ஐரிஷ் இசைக் குழுவைத் தொடங்கிய பேடி மொலோனி சிறு வயதில் விசிலில் ஆரம்பித்து, பிறகு லியோ ரௌசமிடம் பைப்ஸ், அதாவது பையில் காற்றடைத்து வாசிக்கும் குழல், கற்றுக்கொண்டார். எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி மில்டவுன் மால்பே இருக்கிறது. அந்த ஊர் தச்சர் வில்லி கிளான்சி விசில், ஃப்ளூட், பைப்ஸ் மூன்றும் வாசித்தவர். அவர் காலமான 1973-இலேயே அவர் பெயரில் தொடங்கிய கோடைப் பள்ளி இன்றும் ஜூலையில் நடக்கிறது. டூலின் கடற்கரையில் விவசாயம் பார்த்த மிக்கோ ரஸலுக்கு விசிலும் ஃப்ளூட்டும். அவருடைய தம்பி கஸ்ஸிக்கும் அதே இரண்டுதான், இன்னொரு சகோதரர் பேக்கிக்குக் கான்செர்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டி. இவர்கள் யாரும் அடுத்த கருவி வந்ததும் விசிலைப் பரணில் போட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் ஒரு சோதனை

அடுத்த கருவிக்குப் போகுமுன் விசிலில் உங்கள் நிலையைப் பாருங்கள். காகிதம் பார்க்காமல் இருபது பாட்டாவது வாசிக்க வருகிறதா? ஐரிஷ் நடனப் பாட்டுகளில் ஜிக் எது, ரீல் எது என்று கேட்ட மாத்திரத்தில் கால் தானாகத் தாளம் மாற்றுகிறதா? மேல் ஸ்தாயியில் அலறாமல் ஊத முடிகிறதா? ரோல் என்கிற ஐந்து ஒலி அலங்காரம், அதாவது சுரம், மேலிருந்து ஒரு வெட்டு, மீண்டும் சுரம், கீழிருந்து ஒரு தட்டு, மீண்டும் சுரம், இது வேகம் குறையாமல் வருகிறதா? இந்த நான்கில் மூன்றுகூடத் தேறவில்லையென்றால் இன்னும் ஆறு மாதம் விசிலிலேயே இருங்கள். பத்து யூரோ கருவியில் கற்க வேண்டியதை ஆயிரம் யூரோ கருவியில் போய்க் கற்பானேன்?

நம் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. கீழ்ச் சுரம் டி ஆக இருக்கும் டி விசிலில் எல்லாத் துளையையும் மூடித் தொடங்கி ஒவ்வொரு விரலாக எடுத்தால் சங்கராபரணம். மேல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் நிஷாதம் இறங்கி ஹரிகாம்போதி ஆகிவிடும். அதே டி விசிலில் ரிஷபத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டால் கரகரப்பிரியா. ஐரிஷ்காரர்கள் இதை ஈ டோரியன் என்பார்கள். அவர்களுடைய ரீல்களில் ஏராளமானவை இந்த வகை. இது புரிந்த நாளிலிருந்து பாட்டுகள் மனதில் நிற்கத் தொடங்கின. கமகத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் ஒருநாள் ஆர்வக்கோளாறில் காந்தாரத்தை அசைத்துவிட்டேன், பக்கத்தில் ஃபிடில் வாசித்த அம்மா என் விசிலில் ஏதோ கோளாறு என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

விசில் உங்களுக்குக் கொடுத்திருப்பவை மூன்று: விரல், மூச்சு, காது. எந்தக் கருவியைப் பார்த்தாலும், இவற்றில் எது அங்கே செல்லுபடியாகும், எதைப் புதிதாகக் கற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லமாட்டார்.

மர ஃப்ளூட்

விசில்காரருக்கு மிக அருகில் இருக்கும் வீடு இது. ஐரிஷ் இசைக்கு வாசிப்பது வெள்ளி நிறத்தில் பொத்தான் பொத்தானாக இருக்கும் மேற்கத்திய ஃப்ளூட் இல்லை. ஆறு துளையுள்ள பழைய பாணி மரக் குழல். சாவிகள் சேர்த்தும் கிடைக்கும், தொடக்கத்துக்கு அவை வேண்டாம். விரல் வைப்பு ஏறக்குறைய விசிலேதான், ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. ரோல், வெட்டு எல்லாம் அப்படியே பொருந்தும்.

புதிதாகக் கற்கவேண்டியது உதடு. விசிலின் வாயில் காற்று போகும் பாதையைச் செய்தவரே வெட்டிக் கொடுத்துவிட்டார், நாம் ஊதினால் போதும். ஃப்ளூட்டில் அந்தப் பாதை நம் உதடுதான். முதல் வாரம் முழுக் குழலையும் தொடாதீர்கள். தலைப் பகுதியை மட்டும் கழற்றிக் கண்ணாடி முன் நின்று ஊதுங்கள். உதட்டின் நடுவில் சின்ன இடைவெளி, காற்று துளையின் எதிர் ஓரத்தில் பட்டுப் பிரியவேண்டும். சீசா வாயில் ஊதிச் சத்தம் எழுப்பிய சிறு வயது ஞாபகம் இருந்தால் அதுதான். தலை சுற்றும், உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்கு முதல் நாள் மயக்கமே வந்துவிட்டது. இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றில் ஊதியிருக்கக் கூடாது.

ஒலி நிலைத்த பிறகு இடது கை மட்டும்: பி, ஏ, ஜி. அந்த மூன்று சுரமும் கலங்காமல் வந்த பிறகே வலது கை. கீழ் டி வர மாதக்கணக்காகும். எந்த விரலாவது துளையை மயிரிழை மூடாமல் விட்டாலும் அது வராது, துளைகளோ விசிலில் இருப்பதைவிடப் பெரியவை, தள்ளித் தள்ளி இருப்பவை. பலர் இந்த இடத்தில் பலமாக ஊதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். பலம் வேண்டாம், உதட்டைக் கூர்மையாக்குங்கள்.

மூச்சுக் கணக்கும் மாறும். விசிலில் எட்டு அடி ஒரே மூச்சில் ஓடிவிடும். ஃப்ளூட்டில் நான்காவது அடியிலேயே கண் பிதுங்கும். ஐரிஷ் பாட்டில் மூச்சுக்கு என்று இடைவெளி எழுதியிருக்காது, ஏதாவது ஒரு சுரத்தை விழுங்கிவிட்டுத்தான் மூச்சு எடுக்கவேண்டும். எந்தச் சுரத்தை விழுங்குவது என்பதில்தான் வாசிப்பவரின் அழகு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எடுக்காதீர்கள், ஓட்டை விழுந்த மாதிரி கேட்கும். ஐரிஷ் ஃப்ளூட் கலைஞர் மாட் மொலாய் வாசித்ததைக் கேட்டு அவர் மூச்செடுக்கும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள், அது ஒரு முழுப் பாடம்.

மரமா, பிளாஸ்டிக்கா? முதல் குழல் டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். மரக் குழலுக்கு எண்ணெய் பூசவேண்டும், வாசித்து முடித்ததும் உள்ளே துடைக்கவேண்டும், ரேடியேட்டர் பக்கம் வைத்தால் வெடிக்கும். நான் இரவல் வாங்கிய ஒரு மரக் குழலைக் குளிர்காலத்தில் சன்னல் திண்டில் வைத்துவிட்டேன், அடியில் ஹீட்டர். தலைப் பகுதியில் முடி போல ஒரு கீறல் ஓடிவிட்டது. ஒட்டிக் கொடுத்தேன். குழலுக்குச் சொந்தக்காரப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

லோ விசில்

சிலர் "ஃப்ளூட் மாதிரி ஒலி வேண்டும், ஆனால் உதட்டுப் பாடு வேண்டாம்" என்பார்கள். அவர்களுக்கு லோ டி விசில். ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் நீளக் குழாய். இதன் கதையில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. பைப்ஸ் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரி ஆசையாக வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் உடைந்துபோக, அதற்கு மாற்றாக ஒன்று செய்யப் போய்த்தான் பெர்னார்ட் ஓவர்ட்டன் 1970-களின் தொடக்கத்தில் அலுமினியத்தில் பெரிய விசில் செய்ய ஆரம்பித்தார்.

இதில் விரல் நுனியால் துளை மூட முடியாது, எட்டாது. விரல்களைத் தட்டையாக நீட்டி நடுப் பகுதியால் மூடவேண்டும். இதற்குப் பைப்பர் பிடி என்று பெயர். நுனியால் எட்டிப் பிடிக்க முயன்று மணிக்கட்டு வலியோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, மெதுவான பாட்டுக்கு உருக்கமாக இருக்கும், கூட்டமான பப்பில் ஆறு ஃபிடிலுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

இல்லன் பைப்ஸ்

இல்லன் என்றால் ஐரிஷ் மொழியில் முழங்கை. வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கை இடுப்பில் கட்டிய துருத்தியை இயக்கும், இடது முழங்கை பையை அழுத்தும், விரல்கள் சாண்டர் என்கிற குழலில். 2017-இல் இந்த வாசிப்பு மரபை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஏழு வருஷம் கற்றல், ஏழு வருஷம் பயிற்சி, ஏழு வருஷம் வாசித்தல், அப்புறம்தான் பைப்பர் என்று இங்கே சொல்வார்கள். கேட்கும்போது சிரித்தேன். துருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு சிரிக்கவில்லை.

விசில்காரருக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாட்டுகள் அதே பாட்டுகள், சாண்டரின் கீழ் சுரமும் டி, ஆகவே விரல் தெரியும் என்று நினைத்துவிடுவோம். விசிலில் சுரம் ஏற ஏற விரல்களைத் திறந்துகொண்டே போவோம். சாண்டரில் தேவையான ஒன்றிரண்டு துளையைத் திறந்து மற்றதை மூடியே வைக்கும் வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் மூடி, முழங்காலில் சாண்டரின் அடியை அழுத்தினால் ஒலியே நின்றுவிடும். அதனால்தான் பைப்ஸில் சுரங்களைப் பொறி தட்டுவது போலத் தனித்தனியாகத் தெறிக்கவிட முடிகிறது. பின்னால் கட்டைவிரலுக்கு ஒரு துளை வேறு. மேல் ஸ்தாயிக்குப் பையில் அழுத்தத்தைக் கூட்டவேண்டும், கொஞ்சம் கூடினால் கீச்சிடும், குறைந்தால் கீழே விழும்.

ஆகவே மூச்சுக்கு இங்கே வேலை கிடையாது, விரலில் பாதியை மறக்கவேண்டும், காது மட்டும் முழுசாக உதவும். ஒரு கொசுறு: விசிலில் கீழ் டி சுரத்துக்கு ரோல் போட முடியாது, தட்டுவதற்குக் கீழே சுரம் இல்லையே. அங்கே க்ரான் என்று வெட்டுகளை அடுக்கி ஒன்று போடுவோம். அது பைப்ஸிலிருந்து வந்தது. விசிலில் க்ரான் நன்றாக வந்தால் பைப்ஸ்காரர் முகத்தில் ஒரு மரியாதை தெரியும்.

வாங்கும்போது பிராக்டிஸ் செட் மட்டும்: பை, துருத்தி, சாண்டர். விடாமல் ஒரே சுரம் ஒலிக்கும் ட்ரோன் குழல்கள் சேர்ந்தால் ஹாஃப் செட், சாவி வைத்த துணைக் குழல்களான ரெகுலேட்டர்களும் சேர்ந்தால் ஃபுல் செட், அவை பின்னாடி. பிராக்டிஸ் செட்டே ஆயிரம் யூரோவைத் தாண்டும். அதனால் சொந்தமாக வாங்குமுன் கடனாகக் கேட்டுப் பாருங்கள். டப்ளின் ஹென்ரியட்டா தெருவில் இருக்கும் நா பீபரி இல்லன், 1968-இல் பைப்பர்கள் தொடங்கிய அமைப்பு, கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கருவியை இரவல் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. ஆசிரியர் இல்லாமல் தொடங்கவே கூடாத கருவி என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான். உள்ளே இருக்கும் நாணல் ரீட் வானிலைக்கு ஏற்ப மனம் மாறும். கோளாறு நம் கையிலா ரீடிலா என்று புதியவருக்குத் தெரியாது.

ஃபிடில், என் தவறு

நான் முதலில் வாங்கியது ஃபிடில். அதே நாலு தந்தி வயலின்தான், ஐரிஷ் இசையில் அதற்கு அந்தப் பெயர். இணையத்தில் பார்த்து மலிவாக வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் குதிரை சாய்ந்து படுத்திருந்தது, முறுக்காணி ஒன்று நிற்கவே இல்லை. ஆனாலும் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. விசில் கொடுத்த மூன்றில் காது மட்டுமே அங்கே செல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. வில் பிடிக்கும் வலது கைக்கு விசில் எதையுமே கற்றுத்தரவில்லை. பாட்டு மனதில் வேகமாக ஓடும், கை ஒன்றாம் வகுப்பில் நிற்கும். அந்த எரிச்சல்தான் முக்கால்வாசிப் பேரை விடவைக்கிறது. என்னையும்.

பொறுமை உள்ளவர்களுக்கு ஃபிடில் ஒன்று தரும். விசிலின் அடித்தளம் டி. பல பாட்டுகள் அதற்குக் கீழே ஜி வரை இறங்கும், அங்கெல்லாம் நாம் சுரத்தை மேல் ஸ்தாயிக்கு மடித்து ஏமாற்றுகிறோம். ஃபிடிலில் அந்தக் கீழ்த் தந்தி இருக்கிறது. விசிலில் வருஷக்கணக்காக வாசித்த பாட்டின் நிஜமான அடிப்பகுதியை அங்கேதான் முதலில் கேட்பீர்கள். தொடங்கினால் டி, ஏ தந்திகளில் மட்டும், தெரிந்த மெதுவான ஜிக் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்செர்டினாவும் பௌரானும்

கிளேர் என்றாலே கான்செர்டினா. இங்கே வாசிப்பது பெரும்பாலும் முப்பது பொத்தான் ஆங்லோ வகை, ஒரே பொத்தான் அமுக்கும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறு சுரம். விசில் விரலுக்கு இதில் இடமில்லை, பாட்டு தெரிந்திருப்பது மட்டுமே லாபம். விசிலை விட்ட என் மகள் இதைப் பிடித்துக்கொண்டாள். காரணம் கேட்டேன். "எச்சில் வடியாதுப்பா" என்றாள்.

ஆட்டுத்தோல் மேளமான பௌரானைச் சுலபம் என்று நினைத்து எடுக்கிறவர்கள் அதிகம். செஷனில், அதாவது பலர் கூடி வாசிக்கும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒரு பௌரான் போதும், ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால் உங்களுடையது உறைக்குள்ளேயே இருக்கட்டும். பாட்டுகளை விசிலில் வாசித்துப் பழகியவர் தட்டினால் எங்கே திருப்பம் வரும் என்று தெரிந்து தட்டுவார், அந்த வித்தியாசம் இரண்டே அடியில் தெரிந்துவிடும்.

ஐரிஷ் இசைக்கு வெளியே ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வரி. சாக்ஸஃபோனில் ஒரே விரல் வைப்பில் ஊதலைக் கூட்டினால் விசில் மாதிரியே ஒரு ஸ்தாயி ஏறும், பழக்கம் உதவும். ஐரிஷ் கலைஞர் ஜோஸி மெக்டெர்மட் விசில், ஃப்ளூட்டோடு சாக்ஸஃபோனும் வாசித்தவர். கிளாரினெட் அப்படி ஏறாது, பன்னிரண்டாவது சுரத்துக்குத் தாவும், விசில் விரல் அங்கே குழப்பும்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது

முடிவு செய்யுமுன் கருவியை இரவல் வாங்கி ஒரு மாதம் வீட்டில் வையுங்கள். செஷனுக்கு வருகிறவர்களிடம் பரணில் தூங்கும் கருவி ஒன்றாவது இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். சன்னல் திண்டில் மட்டும் வைக்காதீர்கள்.

தினமும் முதலில் புதுக் கருவி இருபது நிமிஷம், கடைசியில் விசில் பத்து நிமிஷம். வரிசையை மாற்றினால் விசிலிலேயே நேரம் போய்விடும், சுகமாக இருப்பதால். புதுக் கருவியில் முதல் ஆறு மாதம் புதுப் பாட்டு கற்காதீர்கள். விசிலில் தூக்கத்தில்கூட வாசிக்கும் பாட்டுகள் ஐந்தை மட்டும் கொண்டுபோங்கள், கவனம் முழுவதும் உதட்டிலோ வில்லிலோ இருக்கும். புதுப் பாட்டை விசிலில் கற்று, மனதில் ஊறிய பிறகு மாற்றுங்கள். ஃப்ளூட் பாதி வருஷத்தைத் தாண்டும்வரை செஷனில் வாசிக்க விசிலை மட்டும் எடுத்துப் போங்கள்.

விசிலையும் கொஞ்சம் கவனியுங்கள். மலிவு விசிலின் பிளாஸ்டிக் தலை பசையால் ஒட்டியிருக்கும். அதை ஒரு நிமிஷம் சூடான தண்ணீரில் பிடித்துத் திருகினால் இளகும். பிறகு ஏற்றி இறக்கிச் சுருதி சேர்க்கலாம். ஃப்ளூட்டோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இது அவசியம். விசிலின் ஒலி உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் சுருதி விலகினாலும் அறை முழுக்கத் தெரியும். குளிர்ந்த விசில் சுருதி இறங்கி ஒலிக்கும், கோட்டுப் பையில் உடம்போடு வைத்துச் சூடேற்றிவிட்டு எடுங்கள்.

என் பையில் இப்போது டெல்ரின் ஃப்ளூட்டும் பச்சை வாய் விசிலும் இருக்கின்றன. விசில் தன்னுடையது என்று மகள் இப்போது உரிமை கோருகிறாள், கான்செர்டினா வகுப்பில் புதுப் பாட்டு கற்க வேண்டுமாம். வேறொன்று வாங்கித் தருகிறேன் என்றேன். இதுதான் வேண்டும் என்கிறாள்.